சைடு வீல் ஸ்கூட்டர்ல காலுக்கும் சீட்டுக்கும் ஏறுற என்ஜின் சூட்டைக் குறைக்கிறது எப்படி? வரிசைப்படி முழு வழிகாட்டி

எனக்கு ஊரு புளியரை. தினமும் எஸ் வளைவு ஏறி கோட்டவாசல் தாண்டி கேரளாவுல இருக்கிற ஆரியங்காவுக்குப் போயி, வண்டியிலேயே உக்காந்து லாட்டரி டிக்கெட் விக்கிறேன். நம்ம தமிழ்நாட்டுல 2003லயே லாட்டரியை நிறுத்திட்டாங்க, அதனால செங்கோட்டைப் பக்கத்துலருந்து என்னைய மாதிரி கால் முடியாம, ஸ்கூட்டருக்கு ரெண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் மாட்டி ஓட்டுற சைடு வீல் வண்டிக்காரங்க கொஞ்சப் பேரு இப்படித்தான் மலை ஏறிப் பிழைக்கிறோம். புதுசா வண்டி வாங்குற ஒவ்வொருத்தரும் முதல் மாசமே வந்து கேக்கிறது ஒண்ணுதான், "அண்ணாச்சி, குதிகால் வேகுதே, என்ன செய்ய?"

எல்லாரும் முதல்ல செய்யறது என்னன்னா கடையில ஃபோம் ஷீட் வாங்கி டிக்கிக்கு அடியில திணிக்கிறது. அதுதான் முதல் தப்பு. முதல்ல என்ஜின் தேவையில்லாம உண்டாக்குற சூட்டை நிறுத்தணும், ரெண்டாவது உண்டான சூடு வெளிய போக வழி விடணும், மூணாவதாத்தான் தடுப்பு. இதைத் தலைகீழா செஞ்சா சூடு உள்ளயே சுத்தும், ஹெட் கேஸ்கெட்டோ பிஸ்டனோ போனப்புறம்தான் தெரியும்.

1. வண்டிக்கு முன்னாடி உங்க காலைப் பாருங்க

எனக்கு வலது கால் போலியோ. போலியோல காலு அசையாதே தவிர உணர்ச்சி இருக்கும், சுட்டா தெரியும், ஆனா டக்குனு இழுக்க முடியாது, கையால தூக்கித்தான் வைக்கணும். முதுகுத்தண்டு அடிபட்டவங்களுக்கு சுடுறதே தெரியாது. சர்க்கரை வியாதியில பாதம் மரத்தவங்களுக்கும் அப்படித்தான். இந்த ரெண்டு வகைக்கும் வேலை ஒண்ணுதான், ஆனா எங்க நிறுத்தணுங்கிற கணக்கு வேற.

60 டிகிரி சூட்டுல இருக்கிற இரும்பு தோலைத் தொட்டா சுமார் 5 நொடியில புண்ணாகும். 44 டிகிரிங்கிறது கையில தொட்டா வெதுவெதுப்பு அவ்வளவுதான், ஆனா அதுலயே தோல் 6 மணி நேரம் ஒட்டிக்கிட்டு இருந்தாலும் வெந்துடும். உணர்ச்சி உள்ளவன் அதுக்குள்ள நாலு தடவை காலை மாத்தி வச்சிருப்பான், உணர்ச்சி இல்லாதவன் சாயங்காலம் வரைக்கும் அப்படியே வச்சிருப்பான். எங்க கூட விக்கிற ஒரு தம்பி, மரத்துலருந்து விழுந்தவன், வீட்டுல அம்மா சாக்ஸைக் கழட்டும்போதுதான் குதிகால்ல கொப்புளம் இருக்கிறதே அவனுக்குத் தெரிஞ்சது. அது ஆற மூணு மாசம் ஆச்சு. அதனால உணர்ச்சி இல்லாத காலுன்னா "கையில தொட்டா தாங்குது"ங்கிறது பத்தாது, தோல் படுற எந்த இடமும் 40க்கு மேல போகக் கூடாதுன்னு வச்சிக்கோங்க.

2. கையில எடுத்து வைக்க வேண்டியவை

லேசர் புள்ளி விழுற டெம்பரேச்சர் கன் ஒண்ணு, சொந்தமா வேண்டாம், ஏசி மெக்கானிக்கிட்ட ஒரு நாளைக்கு இரவல் வாங்கினாப் போதும். கொரோனா நேரத்துல நெத்தியில வச்சுப் பாத்த கன்னு இதுக்கு ஆகாது, அது மனுஷன் காய்ச்சல் வரைக்கும்தான் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப், 1 மில்லி கனத்துல அலுமினியத் தகடு ரெண்டடிக்கு ரெண்டடி, இரும்பு புஷ் (நடுவுல இடைவெளி விடுறதுக்கு வைக்கிற சின்னக் குழாய்த் துண்டு) பத்துப் பதினஞ்சு மில்லி உயரத்துல எட்டு, அதுக்கேத்த போல்டு, பெரிய வாஷர், பழைய காலண்டர் அட்டை, கோணி ஊசி நூல், புது சைலன்சர் கேஸ்கெட் ரிங் ஒண்ணு. இதோட கை கால் நல்லா இருக்கிற ஒரு ஆளு. கீழ படுத்துப் பாக்க வேண்டிய வேலை இருக்கு, தனியா செய்யறேன்னு வீம்பு வேண்டாம்.

3. சூடு எங்கேருந்து வருதுன்னு முதல்ல கண்டுபிடிங்க

எப்பவும் ஓட்டுற ரோட்டுல, எப்பவும் ஏத்துற வெயிட்டோட, 20 நிமிஷம் ஓட்டிட்டு வந்து நிறுத்துங்க. நிறுத்தின உடனே ஒரு தடவை, 5 நிமிஷம் கழிச்சு ஒரு தடவை கன்னை வச்சு எழுதுங்க. குதிகாலுக்குப் பின்னாடி இருக்கிற பிளாஸ்டிக் பேனல், ஃபுட்போர்டு வலது ஓரம், சீட்டு முன் நுனி, டிக்கி அடி, சைலன்சர் கார்டு (சைலன்சர் மேல இருக்கிற மூடி), சைலன்சர் பக்கம் இருக்கிற சைடு வீல் டயரு. இந்த ஆறு இடம்.

பளபளன்னு இருக்கிற குரோம், அலுமினியம் மேல நேரா கன்னை வச்சா கம்மியாத்தான் காட்டும், அதை நம்பி கையை வச்சுடாதீங்க. தகட்டுலயும் கார்டுலயும் கறுப்பு டேப்பு ஒரு துண்டு ஒட்டி அது மேல பாருங்க. என்ஜின்லருந்து சைலன்சருக்குப் போற பெண்ட் பைப்புல டேப்பு கருகிடும், அங்க துருப்பிடிச்ச இடமா பாத்து வைங்க.

ரெண்டு தடவை எழுதச் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. ஓடும்போது சூடு அதிகம்னா அது காத்து, பைப்பு, இழுவைப் பிரச்சினை. நிறுத்தினப்புறம்தான் ஏறுதுன்னா அது வேற, 10ஆவதுல சொல்றேன்.

4. ஃபேனும் அதோட கூடும்

ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டர்ல என்ஜினுக்குக் காத்து ரோட்டுலருந்து வரல. வலது பக்கம் மேக்னட்டு மேல ஒரு ஃபேன் இருக்கு, அது இழுக்கிற காத்து ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள்ள போயி சிலிண்டரைச் சுத்தி ஓடி வெளிய வரும். அந்தக் கூடு விரிசல் விட்டாலோ ஒரு ஸ்க்ரூ இல்லாம வாயைப் பிளந்து நின்னாலோ காத்து பாதியிலேயே ஓடிடும், சிலிண்டருக்குப் போகாது. சர்வீஸ் விட்டு வாங்கின வண்டியில இந்தக் கூட்டுக்கு ஸ்க்ரூ குறையறது ரொம்ப சகஜம், எண்ணிப் பாருங்க.

ஃபேன் கவர் கம்பியில சேறு, கோழி இறகு, காஞ்ச இலை அடைச்சிருக்கும், கையால எடுங்க. கூட்டைக் கழட்டினா சிலிண்டர் ஃபின்ஸுக்கு (சூடு ஆற வரிசையா இருக்கிற மெல்லிசு தகடு) நடுவுல மண்ணு ஆயிலோட சேந்து இட்லி மாவு மாதிரி அப்பியிருக்கும். என்ஜின் நல்லா ஆறினப்புறம் பழைய பிரஷ்ஷும் கொஞ்சம் டீசலும் வச்சுத் தேச்சு எடுத்து, காய விட்டு, அப்புறம் மாட்டுங்க. சூடா இருக்கும்போது வாட்டர் சர்வீஸ் கன்னை அடிக்கவே கூடாது.

அந்த ஃபேன் கவர் மேல ஊன்றுகோல் கிளிப்பு, தண்ணி பாட்டில் ஸ்டாண்டு, பை எதையும் தொங்க விடாதீங்க. அதுதான் வண்டிக்கு மூக்கு.

5. வண்டி எதை இழுக்குதுன்னு பாருங்க

நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய இடம் இதுதான், ஆனா ஒருத்தரும் செய்யறதில்ல. 110 சிசி என்ஜின் ரெண்டு சக்கரத்துக்காக செஞ்சது. அதுக்கு மேல இரும்பு ஃபிரேம், ரெண்டு வீலு, மட்கார்டு, நம்ம வெயிட்டு எல்லாம் ஏத்தியிருக்கோம், அதோட சைடு வீலும் கோணலா உருண்டா என்ஜின் முழு நேரமும் மலை ஏறுற மாதிரிதான். எரியற பெட்ரோல்ல முக்கால்வாசி சூடாத்தான் போகுது, இழுவை கூடக் கூட சூடும் கூடும்.

வண்டியைச் சம தரையில நிறுத்தி ஆஃப் பண்ணி ஒரு ஆளைத் தள்ளச் சொல்லுங்க. ஒத்தக் கையால தள்ளி நகரலைன்னா எங்கயோ பிடிக்குது. பின் வீலையும் சைடு வீலையும் ஒவ்வொண்ணா தூக்கிச் சுத்திப் பாருங்க, சைடு வீலு தட்டி விட்டா நாலஞ்சு சுத்தாவது தானா சுத்தணும். பின் பிரேக் லீவர்ல 10லருந்து 20 மில்லி ஃப்ரீ ப்ளே இருக்கணும், அது இல்லாம இறுக்கி வச்சிருந்தா பிரேக்கு பாதி பிடிச்சபடியேதான் ஓடும்.

அடுத்து அலைன்மென்ட். ரெண்டு சைடு டயருக்கும் நடுவுல அச்சு உயரத்துல முன்பக்கம் நூல் வச்சு ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு எடுங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கணும். என் வண்டியில 9 மில்லி வித்தியாசம் இருந்துச்சு, புதுசா மாட்டி ரெண்டு மாசம்கூட ஆகல, டயரு ஒரு ஓரமா அரத்துல ராவின மாதிரி தேஞ்சிருந்தது. லேத்து பட்டறையில அச்சை நேராக்கி வாங்கினேன், அன்னைக்கு எஸ் வளைவுல முன்ன திணறின இடத்துல வண்டி சத்தம் போடாம ஏறிச்சு. ஒரு தகடும் மாட்டாமலேயே பேனல்ல சூடு இறங்கினது எனக்கே ஆச்சரியம்.

டயர்ல காத்து வாரத்துக்கு ஒரு தடவை, வண்டி ஓட்டறதுக்கு முன்னாடி பாருங்க. சைடு வீல்தானேன்னு அதை மட்டும் விட்டுடுறாங்க.

பெல்ட்டு: ஆக்ஸிலேட்டர் திருகினா சத்தம் ஏறுது, வண்டி ஏறலைன்னா பெல்ட்டு வழுக்குது இல்லன்னா ரோலர் தேஞ்சிருக்கு. கூடுதல் வெயிட்டு வண்டியில இது கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு முன்னாடியே தேயும், அதனால சீக்கிரம் திறந்து பாக்கச் சொல்லுங்க.

ஆயில்: ஸ்கூட்டருக்குன்னு எம்பி (MB) கிரேடு ஆயில் வருது, அதுல கம்பெனி சொன்ன கனத்தையே ஊத்துங்க. "மலை ஏறுற வண்டி, கட்டி ஆயில் போடு"ன்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க. அளவு குறைஞ்சாத்தான் ஆபத்து, வாரம் ஒரு நாள் டிப்ஸ்டிக் பாருங்க. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ் 6 வண்டியில பெட்ரோல் கலவையைக் கையால கூட்டிக் குறைக்க முடியாது. அதுக்கு முந்தின கார்புரேட்டர் வண்டியில மைலேஜுக்காக பெட்ரோலை ரொம்பக் குறைச்சு வச்சா பிளக்கு வெள்ளையா வெளுத்துப் போகும், என்ஜின் கொதிக்கும். பிளக்கு நுனி பிஸ்கெட் கலர்ல இருந்தா சரி.

6. கழட்டினதைத் திரும்ப மாட்டுங்க

சைடு வீல் ஃபிட்டிங் பண்ணும்போது சைலன்சரைக் கழட்டுவாங்க. திரும்ப மாட்டும்போது பழைய கேஸ்கெட் ரிங்கையே வச்சு இறுக்கிடுவாங்க. அது ஒரு தடவை நசுங்கினா நசுங்கினதுதான், அடுத்த தடவை ஓரமா கேஸ் கசியும். ஹெட்டுல (சிலிண்டரோட தலைப்பக்கம்) பைப்பு சேர்ற இடத்துல கரி அப்பியிருந்தா, ஸ்டார்ட் பண்ணும்போது டப் டப்னு சின்னச் சத்தம் வந்தா அதுதான். ஸ்கூட்டர்ல சிலிண்டர் முன்னாடி பாத்துப் படுத்திருக்கு, ஹெட்டு கிட்டத்தட்ட உங்க குதிகாலுக்குப் பின்னாடியே இருக்கு, கசியற கேஸ் நேரா அங்கதான் அடிக்கும். ரிங்கு விலை ஒரு சாயா வடை காசு.

சைலன்சர் மேல இருந்த கார்டு, அதுக்கு அடியில இருந்த சூடு தாங்குற வாஷர், பேனலுக்கு உள்பக்கம் கம்பெனியே ஒட்டியிருந்த வெள்ளித் தாள், இதெல்லாம் ஃபிட்டிங் கடை மூலையில கிடக்கும். போய்க் கேட்டு வாங்குங்க.

7. சூடான காத்து போக வழி

வலது சைடு வீல், மட்கார்டு, நடுவுல சைலன்சர். மூணும் சேந்து ஒரு அடுப்பு மாதிரி ஆயிடுது. மட்கார்டுக்கும் பாடிக்கும் நடுவுல சேறு தெறிக்கக் கூடாதுன்னு சில பேரு தகரம், ரெக்சின் வச்சு முழுசா மூடிடுவாங்க, அதை எடுங்க. சேறுதான் பிரச்சினைன்னா கீழ மட்டும் ரப்பர் ஃப்ளாப் தொங்க விடுங்க, மேல பின்பக்கம் திறந்தே இருக்கட்டும். சூடு மேலயும் பின்னாலயும்தான் போகப் பாக்கும்.

நூல்ல நாலு துண்டு வெட்டி பேனல் ஓரத்துல, மட்கார்டு இடுக்குல டேப்பு வச்சு ஒட்டிட்டு ஒருத்தரைப் பக்கத்துல பைக்குல வரச் சொல்லி மொபைல்ல வீடியோ எடுக்கச் சொல்லுங்க. நூலு பின்னாடி பறந்தா காத்து போகுது. அசையாம தொங்கினாலோ முன்னாடி உங்க காலைப் பாத்து வந்தாலோ அங்க அடைப்பு. ஊதுபத்திப் புகையை வச்சுப் பாக்கிறேன்னு பெட்ரோல் டேங்க் பக்கம் போகாதீங்க.

சைலன்சருக்கும் சைடு வீல் டயருக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்குன்னும் பாருங்க. என் கணக்குக்கு ரெண்டு விரல் போகணும், அதுவும் சீட்டுல ஆள் உக்காந்து இருக்கும்போது.

8. தகடு வைக்கிறது

இப்பத்தான் தடுப்பு. இடம் குதிகாலுக்குப் பின்னாடி இருக்கிற பேனலோட உள்பக்கம், தேவைன்னா வலது ஃபுட்போர்டு ஓரம்.

முதல்ல காலண்டர் அட்டையில வெட்டி வச்சுப் பாருங்க, தகட்டை நேரா வெட்டினா ரெண்டு தகடு வீணாகும். அட்டை சரியா உக்காந்தப்புறம் தகட்டுல வரைஞ்சு வெட்டி, ஓரம் எல்லாத்தையும் அரை இஞ்சு மடிச்சுத் தட்டிடுங்க. மடிக்காத ஓரம் பெட்ரோல் டியூபையும் ஒயரையும் பிளேடு மாதிரி அறுக்கும்.

பேனலோட ஒட்டி வைக்காதீங்க. நடுவுல 10லருந்து 15 மில்லி இடைவெளி வர்ற மாதிரி இரும்பு புஷ் போட்டு பாடியில ஏற்கெனவே இருக்கிற ஓட்டையில போல்டு பண்ணுங்க. பைப்புலருந்து வர்ற அனலை பளபள முகம் திருப்பி அனுப்பும், மீதியை அந்த இடைவெளிக் காத்து தூக்கிட்டுப் போகும். ஒட்டி வச்சா தகடே தோசைக்கல்லு ஆயிடும். இடைவெளியோட மேல் வாயையும் கீழ் வாயையும் அடைக்காதீங்க, காத்து ஓடணும்.

எல்லாரும் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. ஸ்கூட்டர்ல என்ஜின் பாடியோட நிலையா நிக்காது, பின் வீலோட சேந்து மேலயும் கீழயும் ஆடும். நிறுத்தி வச்ச வண்டியில ஒரு விரல் இடம் விட்டு தகடு வச்சுட்டுப் போனா, முதல் பள்ளத்துல ஃபேன் கூடு தகட்டுல இடிச்சு உடையும். ரெண்டு ஆளை உக்கார வச்சு சீட்டை அழுத்திப் பாத்து, அப்பவும் என்ஜினுக்கும் தகட்டுக்கும் 25 மில்லியாவது இருக்கணும்.

சேசிஸ்ல வெல்டு வைக்காதீங்க, புது ஓட்டையும் போடாதீங்க.

பெண்ட் பைப்புல கண்ணாடி நார் துணி சுத்துறதை வீடியோ பாத்துட்டு நிறையப் பேரு கேக்கிறாங்க. நான் வேண்டாம்னுதான் சொல்வேன். நம்ம பக்கம் சாரல் மூணு மாசம், அந்தத் துணி ஈரத்தைக் குடிச்சு வச்சுக்கிட்டு பைப்பைத் துருவாக்கிடும், ஆயில் சொட்டி ஊறினா தீப்பிடிக்கவும் செய்யும், பிஎஸ் 6 வண்டியில பைப்புல இருக்கிற சென்சாருக்கும் தொல்லை.

9. டிக்கியும் சீட்டும்

சில மாடல்ல டிக்கிக்கு அடியில மெக்கானிக்கு கை விடுறதுக்குச் சின்ன மூடி இருக்கும். அது சரியா மூடாம இருந்தா அடுப்பு மேல உக்காந்த மாதிரிதான். முதல்ல அதை மூடுங்க. பாதிப் பேருக்கு இதோடயே சீட்டுச் சூடு தீரும்.

அப்பவும் சூடு இருந்தா ஏசி குழாய்க்குச் சுத்துற வெள்ளித்தாள் ஃபோமை டிக்கியோட உள்பக்கம், சாமான் வைக்கிற பக்கம் ஒட்டுங்க, என்ஜின் பக்கம் ஒட்டாதீங்க. கன்னுல 80க்கு மேல காட்டுற இடத்துல எந்த ஃபோமும் வேண்டாம், பசை உருகி ஷீட்டு கீழ பைப்பு மேல விழும். தெர்மாகோல் பெட்ரோல் பட்டாலே கரையும். கயிறு மெத்தை, சாக்கு ரெண்டும் தீப்பிடிக்கும். கேரளா போறோம், கயிறு மெத்தை சல்லிசா கிடைக்குதுன்னு ஒரு அண்ணாச்சி வச்சுப் பாத்து டிக்கியிலருந்து புகை வந்துச்சு, டிக்கெட்டுக் கட்டு தப்பிச்சதே பெரிசு.

சீட்டு மேல வலை மாதிரி கவர் போடலாம், வேர்வை காயும். உணர்ச்சி இல்லாதவங்க சுருக்கம் விழுற கவரைப் போடக் கூடாது, சூடும் ஈரமும் சுருக்கமும் சேந்தா படுக்கைப் புண்ணு மாதிரி வந்துடும்.

10. நிறுத்தினப்புறம் வர்ற சூடு

ஃபேன் என்ஜினோட சேந்துதான் சுத்தும். ஆஃப் பண்ணினா ஃபேனும் நின்னுடும், ஆனா ஹெட்டுலயும் பைப்புலயும் இருக்கிற சூடு எங்கயும் போகல, மெதுவா மேல ஏறி பேனலுக்கும் சீட்டுக்கும் வரும். அதனாலதான் நிறுத்தி 5 நிமிஷம் கழிச்சு அளவு கூடுது. ஓட்டுறவங்க இறங்கிப் போயிடுவாங்க, நாம அது மேலயே உக்காந்து வியாபாரம் பாக்கிறோம்.

ஏத்தம் ஏறி வந்தவுடனே ஆஃப் பண்ணாம ஒரு நிமிஷம் ஐடில்ல விடுங்க. காத்து வர்ற பக்கம் வண்டி முகத்தைத் திருப்பி நிறுத்துங்க, ஆரியங்காவுல மேகாத்துன்னா மேக்கே பாத்து. காலைக் கையால தூக்கி ஃபுட்போர்டோட முன் ஓரத்துக்கு வைங்க, பத்து நிமிஷம் அங்கயே இருக்கட்டும்.

தென்மலையிலருந்து ஆரியங்காவு ஏறி வரும்போதுதான் சூடு மோசம். ஏத்தமும் இருக்கு, மேகாத்து முதுகுல இருந்து வர்றதால வண்டி கூடவே காத்தும் ஓடி வருது, சூடு நம்மளை விட்டுப் போகவே மாட்டேங்குது. அந்தப் பாதையில நான் கழுதுருட்டியில ஒரு தடவை நிறுத்திட்டுத்தான் வருவேன்.

11. காலு பின்னாடி நழுவாம

எவ்வளவு தகடு வச்சாலும் காலு நழுவி சைலன்சர் பக்கம் போனா போச்சு. ஃபுட்போர்டு ரப்பர் மேட்டு தேஞ்சிருந்தா மாத்துங்க. குதிகால் நிக்கிற இடத்துக்குப் பின்னாடி ஒரு இஞ்சு உயரத்துக்கு ரப்பர் பட்டை வச்சு ஸ்க்ரூ பண்ணிடுங்க, வலது ஓரத்துலயும் அதே மாதிரி. பெல்ட்டுப் போட்டுக் காலைக் கட்டாதீங்க, வண்டி சாஞ்சா காலோட சாயும்.

மூடின ஷூ, காட்டன் பேண்ட். நைலான் டிராக் பேண்ட் சைலன்சர்ல பட்டா உருகித் தோல்ல ஒட்டும்.

12. திரும்ப அளந்து பாருங்க, காலையும் பாருங்க

அதே ரோடு, அதே நேரம், அதே 20 நிமிஷம், அதே ஆறு இடம். என் பேனல்ல 61 காட்டினது 43க்கு வந்துச்சு, டேப்பு, நூலு, புஷ்ஷு, தகடு எல்லாம் சேத்து ஆயிரத்துக்குள்ள, லேத்து கூலி தனி. ஒரு இடத்துல குறைஞ்சு இன்னொரு இடத்துல ஏறியிருந்தா சூட்டை இடம் மாத்தியிருக்கீங்க, அவ்வளவுதான், 7ஆவதுக்குத் திரும்பப் போங்க. உணர்ச்சி இல்லாதவங்க 40க்கு வர்ற வரைக்கும் விடக் கூடாது. முதல் வாரம் தினமும், அப்புறம் மாசம் ஒரு தடவை தகட்டு போல்டைத் தட்டிப் பாருங்க, இளகி ஆடும்.

தினமும் ராத்திரி குளிக்கும்போது குதிகால், கெண்டைக்காலோட பின்பக்கம், தொடை அடி மூணையும் கண்ணாடி வச்சுப் பாருங்க, இல்ல வீட்டுல ஒருத்தரைப் பாக்கச் சொல்லுங்க. அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு இருந்தா மறுநாள் வண்டி எடுக்க வேண்டாம். சுட்டுட்டா ஓடுற குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க. பேஸ்ட், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காம, உணர்ச்சி இல்லாத காலுன்னா சின்னதா இருந்தாலும் அன்னைக்கே செங்கோட்டையோ தென்காசியோ ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, வலி வந்தா பாத்துக்கலாம்னு இருந்தா, அந்தக் காலுக்கு வலி வராது.